தேரைக்கும் பாட்டு உண்டு

பறவை பாடுகிறது, தேரை கத்துகிறது. இந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒரு தீர்ப்பே ஒளிந்திருக்கிறது. பள்ளிப் பாடம், சினிமாப் பாட்டு, கைப்பேசி அலாரம், குடியிருப்போர் சங்கத் தீர்மானம் என்று எங்கும் செல்லுபடியாகும் தீர்ப்பு அது. அதை மறுக்கவே இதை எழுதுகிறேன்.

எழுத வைத்தது போன ஐப்பசி. நான் குடியிருக்கும் வளாகத்தின் பின்புறம், சுற்றுச்சுவரை ஒட்டி, மழைக்காலத்தில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. முதல் பெருமழை பெய்த இரவே தேரைகள் அங்கே கூடிவிட்டன. மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் கரையெல்லாம் கல்லுப்பு. மூட்டைக் கணக்கில் கொட்டியிருந்தார்கள். வெள்ளை பூத்த சேற்றில் தேரைகள் கால் விரித்துக் கிடந்தன. கறுமணி கோத்த சரடு போல நீருக்குள் நீண்டிருந்த முட்டைச் சரங்கள் வெளிறிப் போயிருந்தன. “சத்தம் தாங்கலைங்க. பிள்ளைங்க தூங்க வேண்டாமா?” என்றார் அதற்கு ஏற்பாடு செய்தவர். அவர் கொடுமைக்காரர் இல்லை. கோடை முழுக்க மொட்டை மாடியில் பறவைகளுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்து, நாள் தவறாமல் கழுவி நிரப்புகிறவர். விடிகாலையில் மின்கம்பத்தின் உச்சியில் நின்று பாடும் குண்டுக்கரிச்சானின் குரலைப் பதிவு செய்து எனக்கு அனுப்பியவரும் அவர்தான். தண்ணீர் வைத்த கையே உப்பையும் கொட்டியது. அதனால்தான் ஒரு மனிதரின் குறை என்று இதை என்னால் விட்டுவிட முடியவில்லை. நம் எல்லோர் தலையிலும் இருக்கும் ஒரு கருத்து அந்தக் கையை இயக்கியிருக்கிறது.

அந்தக் கருத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் குண்டுக்கரிச்சான். ஆணின் உடம்பில் பளபளக்கும் கறுப்பும் தூய வெள்ளையும். வாலைத் தூக்கித் தூக்கி நிற்கும் மிடுக்கு. மார்ச் தொடங்கி ஆடி பிறக்கும் வரை, இருள் பிரியும் முன்பே ஏறு வரிசையும் இறங்கு வரிசையுமாகச் சீட்டியடிக்கும் குரல். மற்றப் பறவைகளின் ஒலிகளையும் எடுத்துத் தன் பாட்டில் சேர்த்துக்கொள்ளும் திறமை. பங்களாதேசம் அதைத் தேசியப் பறவையாக வைத்திருக்கிறது. மறுபக்கம் நம் ஊர்த் தேரை. சில ஊர்களில் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் மரத்தவளையைத் தேரை என்பார்கள். நான் சொல்வது மண்ணில் தத்தும் இனத்தை, சொறித்தவளை என்று பெயரிலேயே வசை சுமப்பதை. தடித்த தோல், கரும்புள்ளி வைத்த முண்டுகள், கண்ணுக்குப் பின்னால் புடைத்த நச்சுச் சுரப்பிகள், ஒரே சீராக அதிரும் ஓர் ஒலி. இந்த இரண்டையும் ஒப்பிட்டு உலகம் சொல்வது இது: பறவை தன் பாட்டைக் கற்றுக்கொள்கிறது, தேரையின் ஒலி பிறவியிலேயே வருகிறது. பறவை குஞ்சைப் பேணுகிறது, தேரை முட்டையை விட்டுவிட்டுப் போகிறது. பறவையால் தீங்கு இல்லை, தேரையிடம் நஞ்சு இருக்கிறது. ஆகவே பறவை போற்றத் தக்கது. தேரையை, தொல்லை தராதவரை பொறுத்துக்கொள்ளலாம்.

இதில் சொல்லப்படும் தகவல்கள் பெரும்பாலும் சரி. அவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவு தவறு.

1. பாடும் பறவை என்ற அந்தப் பெயரிலிருந்தே தொடங்குவோம். விலங்கியலில் இது காதுக்கு இனிமை என்ற அளவுகோலால் வந்த வகுப்பு இல்லை. பறவையின் மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் சிரிங்ஸ் என்ற குரலுறுப்பு இருக்கிறது. அதன் தசை அமைப்பையும் மரபு உறவையும் வைத்து வகுத்த கூட்டம் இது. உலகப் பறவையினங்களில் கிட்டத்தட்டப் பாதி இதில் அடங்கும். குண்டுக்கரிச்சான் இதில் இருக்கிறது. காக்கையும் இருக்கிறது. ஆம், நம் கூரைமேல் அமர்ந்து கரையும் அதே காக்கை, முறைப்படி ஒரு பாடும் பறவை. குயிலோ இந்தக் கூட்டத்தில் இல்லை. அது முற்றிலும் வேறொரு வரிசை.

இப்போது நம் ஒப்பீடு என்ன ஆகிறது? பாடும் பறவை என்ற இனத்துக்கே தனி மதிப்பு உண்டு என்றால் அந்த மதிப்பில் காக்கைக்குச் சம பங்கு கொடுக்க வேண்டும். காக்கையின் குரலைப் பதிவு செய்து நண்பருக்கு அனுப்புகிறவர் யாரையும் நான் கண்டதில்லை. இல்லை, இனம் முக்கியமில்லை, இனிமைதான் முக்கியம் என்றால், அது உயிரினத்தைப் பற்றிய பேச்சே இல்லை. அது நம் காதைப் பற்றிய பேச்சு. காதுக்குப் பிடித்ததை ரசிப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. காதுக்குப் பிடித்தது என்பதை உயர்ந்தது என்று மொழிபெயர்த்து, உயர்ந்தது என்பதை உயிர்வாழத் தக்கது என்று இன்னொரு முறை மொழிபெயர்ப்பதைத்தான் மறுக்கிறேன்.

2. அந்தப் பாட்டு யாருக்காக? நமக்காக இல்லை. மின்கம்பத்தின் உச்சியில் நிற்கும் ஆண் குண்டுக்கரிச்சான் இரண்டு செய்திகளைச் சொல்கிறது: இது என் இடம், வேறு ஆண் வராதே, பெண்ணே, நான் இங்கே இருக்கிறேன். பள்ளத்தில் குரல் பையை ஊதிக்கொண்டு அமர்ந்திருக்கும் ஆண் தேரை சொல்வதும் ஏறத்தாழ அதேதான். டார்வின் 1871இல் வெளியிட்ட ‘மனிதனின் தோற்றம்’ நூலில் பறவையின் குரலையும் தவளையினத்தின் குரலையும் பாலினத் தேர்வு என்ற ஒரே விளக்கத்தின் கீழ் கொண்டுவந்தார். ஒன்றைக் கலை என்றும் மற்றொன்றை ஓசை என்றும் பிரிக்க அவருடைய விளக்கத்தில் இடமில்லை.

தேரையின் குரலில் செய்தி எதுவும் இல்லை என்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 1978இல் நிக் டேவிஸ், டிம் ஹாலிடே என்ற இரண்டு ஆங்கிலேய ஆய்வாளர்கள் ஐரோப்பியத் தேரைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அந்த இனத்தில் உடல் பெரிதானால் குரல் தாழ்ந்து ஒலிக்கும். பெண்ணின் முதுகில் ஏறியிருக்கும் ஆணைத் தள்ளிவிட்டு இடம்பிடிக்க வேறு ஆண்கள் முயல்வது வழக்கம். ஏறியிருந்த ஆணின் வாயை ஒரு ரப்பர் வளையத்தால் குரல் எழாதபடி கட்டிவிட்டு, பதிவு செய்த குரல்களை ஒலிபெருக்கியில் போட்டார்கள். தாழ்ந்த குரல் ஒலித்தபோது மோதவந்த ஆண்கள் குறைந்தன. உயர்ந்த சுருதிக் குரல் ஒலித்தபோது கூடின. அதாவது, மோதலாமா விலகலாமா என்பதை எதிராளியின் சுருதியைக் கேட்டும் தேரை முடிவு செய்கிறது. சுருதி பேதம் தெரிந்த செவி அதற்கு இருக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தவளை, தேரைக் கூட்டத்தின் உட்செவியில் காற்றுவழி ஒலியை வாங்க இரண்டு தனி உறுப்புகள் உள்ளன. பல இனங்களில் அவை தன் இனத்தின் குரல் எந்த அதிர்வெண்ணில் வருமோ அதற்கே கூர்மைப்பட்டிருக்கின்றன. மழை இரைச்சலுக்கும் வேறு நான்கைந்து இனங்களின் கூச்சலுக்கும் நடுவே, பெண் தன் இனத்தின் ஆணை இருட்டில் அடையாளம் கண்டு நேராகப் போய்ச் சேருகிறது. நமக்கு ஒரே இரைச்சலாகக் கேட்பதில் அதற்கு முகவரி தெரிகிறது. தெரியாத மொழியில் இருவர் பேசினால் நமக்கு வெறும் ஓசையாகத்தான் கேட்கும். அதற்காக அவர்கள் பேசவில்லை என்று ஆகிவிடாது.

வயதையும் சொல்ல வேண்டும். தவளைக் கூட்டத்தின் மூதாதை ஒன்றின் புதைபடிவம் மடகாஸ்கரில் கிடைத்திருக்கிறது. வயது ஏறத்தாழ 25 கோடி ஆண்டு. அப்போது உலகில் பறவை என்ற ஒன்றே கிடையாது.

3. எளிதாக வரும் சத்தம் என்கிறீர்களே, அதற்குத் தேரைக் கூட்டம் என்ன விலை கொடுக்கிறது தெரியுமா? குளிர்ந்த இரத்தப் பிராணிகள் செய்யும் வேலைகளிலேயே மிகக் கடினமான ஒன்று குரல் கொடுப்பது. கத்தும் ஆண் தவளைகள் உள்வாங்கும் ஆக்சிஜனை அளந்தபோது, சில இனங்களில் ஓய்வில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் இருந்தது. விலாவை ஒட்டிய தசைகளை இறுக்கி, நுரையீரலில் இருக்கும் காற்றைக் குரல் பைக்குத் தள்ளி, மீண்டும் உள்ளிழுத்து, மறுபடி தள்ளி, இப்படி மணிக்கணக்கில். வாயைத் திறப்பதுகூட இல்லை. பறவைகளில் பாட்டுக்கு ஆகும் கூடுதல் சக்தி, அளந்து பார்த்தவற்றில் பெரும்பாலும் இதைவிட மிகக் குறைவு.

உயிருக்கும் விலை உண்டு. தவளை தன் வாயால் கெடும் என்று நாம் பழமொழி வைத்திருக்கிறோம். வாயை அடக்கத் தெரியாதவனைத் திட்டுவதற்கு அதைப் பயன்படுத்துகிறோம். பழமொழி சொல்லும் செய்தி உண்மை என்பதை மெர்லின் டட்டிலும் மைக்கேல் ரயனும் பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் காட்டினார்கள். 1981இல் அது வெளிவந்தது. அங்கே ஒரு வௌவால் இனம் ஆண் தவளைகளின் குரலைக் கேட்டே பறந்துவந்து கவ்விக்கொண்டு போகிறது. துங்காரா என்ற தவளை தன் குரலோடு சேர்க்கும் கூடுதல் ஒலிகளால் பெண்கள் அதிகம் வருகின்றன. வௌவாலும் அதிகம் வருகிறது. வாயை மூடிக்கொண்டால் உயிர் தப்பலாம், ஆனால் வாரிசு இருக்காது. நம் பழமொழி முட்டாள்தனம் என்று கணித்தது உண்மையில் உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் ஒரு தேர்வு. பள்ளத்தில் உப்பில் கிடந்தவை, அந்தச் சில இரவுகளுக்காகவே ஆண்டு முழுதும் மண்ணுக்குள்ளும் கல்லிடுக்கிலும் காத்திருந்தவை.

4. கற்றுக்கொண்ட பாட்டு உயர்ந்தது, பிறவிக் குரல் தாழ்ந்தது என்பதுதான் எதிர்த்தரப்பின் வலுவான வாதம். தகவலை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். 1950களில் கேம்பிரிட்ஜில் வில்லியம் தோர்ப் சாஃபின்ச் என்ற பாடும் பறவையின் குஞ்சுகளைத் தனிமையில் வளர்த்துப் பார்த்தார். மூத்த பறவையின் பாட்டைக் கேட்காமல் வளர்ந்தவை குறைப்பட்ட, உருவமற்ற ஒரு பாட்டைத்தான் பாடின. பாடும் பறவையின் மூளையில் இந்தக் கற்றலுக்கென்றே தனி மையங்கள் உள்ளன. தேரைக்கு இதில் எதுவும் இல்லை. யாரிடமும் அது பயில்வதில்லை.

சரி, இந்த அளவுகோலை நேர்மையாக எல்லோருக்கும் வைப்போமா? பறவைகளில் குரலைக் கற்றுக்கொள்பவை என்று உறுதியாக நிறுவப்பட்டவை மூன்று கூட்டங்கள்: பாடும் பறவைகள், கிளிகள், தேன்சிட்டு போன்று தோன்றும் அமெரிக்க ஹம்மிங் பறவைகள். மற்றவற்றில் பெரும்பாலானவை பிறவிக் குரலோடுதான் வாழ்கின்றன. மயிலின் அகவல் கற்றதில்லை. சேவலின் கூவல் கற்றதில்லை. வேற்றினத்தின் கூட்டில் வளரும் குயில் தன் கூவலைத் தந்தையிடம் கேட்டுப் பயில வழியே இல்லை. அதன் பாட்டும் தேரையின் பாட்டைப் போலப் பிறவியில் வந்ததுதான். கற்றல்தான் தகுதி என்றால் மயிலையும் குயிலையும் தேரை இருக்கும் வரிசையில் உட்கார வைக்க வேண்டும், காக்கையை மேடையேற்ற வேண்டும். இதற்கு யார் தயார்?

குஞ்சைப் பேணுவது என்ற வாதத்துக்கும் குயிலே போதும். முட்டையைக் காக்கைக் கூட்டில் இட்டுவிட்டுப் போகும் அதைக் கவிதையில் வைத்துக் கொண்டாடுகிறோம். வறண்டுபோகக் கூடிய குட்டையில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் தேரையை மட்டும் பொறுப்பற்றது என்கிறோம். தார்வாடில் உள்ள கர்நாடகப் பல்கலைக்கழகத்தில் நம் ஊர்த் தேரையின் தலைப்பிரட்டைகளை வைத்து ஆய்வு செய்தார்கள். உடன்பிறந்தவற்றையும் அந்நியமானவற்றையும் எதிரெதிரே வைத்தபோது அவை உடன்பிறந்தவற்றின் பக்கம் கூடுதலாகச் சேர்ந்தன. தாய் கூட இல்லாத தண்ணீரில், சோற்றுப் பருக்கையளவு உயிர் தன் உறவை இனம் காண்கிறது. மந்தமான பிராணி என்று சொல்கிறவர்கள் இதைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

5. நஞ்சு இருக்கிறது. மறைக்க வேண்டிய செய்தி இல்லை அது. தேரையின் சுரப்பியில் ஊறும் பால் போன்ற திரவத்தில் இதயத் தசையின் இயக்கத்தைக் குலைக்கும் வேதிப்பொருள்கள் உள்ளன. தேரையைத் தவளை என்று எண்ணிச் சமைத்துத் தின்றவர்கள் தென்கிழக்காசியாவில் இறந்திருக்கிறார்கள். வாயால் கவ்விய நாய்க்கு நுரை தள்ளும். ஆனால் இந்த நஞ்சு தாக்குவதற்கு வைத்திருக்கும் ஆயுதம் இல்லை. பல்லும் நகமும் இல்லாத, வேகமாக ஓடவும் தெரியாத பிராணி, தன்னை அழுத்துகிற அல்லது கடிக்கிற வாய்க்கு மட்டும் கொடுக்கும் பதில். தின்னாதீர்கள், நசுக்காதீர்கள், தொட்டால் கையைக் கழுவுங்கள். இவ்வளவுதான் எச்சரிக்கை.

நஞ்சு உள்ளது தாழ்ந்தது என்பவர்களுக்குப் பப்புவா நியூகினியின் பிடோஹுய் பறவையைக் காட்டுகிறேன். அதன் தோலிலும் இறகிலும் இருக்கும் நஞ்சு, தென்னமெரிக்காவின் நச்சுத் தவளைகளிடம் காணப்படும் அதே பட்ராகோடாக்சின். ஜான் டம்பேக்கரும் தோழர்களும் 1992இல் இதை வெளியிட்டார்கள். பிடோஹுய் ஒரு பாடும் பறவை.

தேரை பட்டால் மரு வரும் என்ற நம்பிக்கைக்கு ஒரு வரி போதும்: மருவுக்குக் காரணம் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் பாப்பிலோமா வைரஸ், தேரைத் தோலின் முண்டுகளுக்கு அதோடு எந்தத் தொடர்பும் இல்லை.

ஒரு வரியில் கடக்க முடியாத நம்பிக்கை ஒன்று இருக்கிறது. குழந்தை மெலிந்து, விலா எலும்பு தெரிந்து, கைகால் சூம்பி, தோல் சுருங்கிப் போனால் ‘தேரை விழுந்துவிட்டது’, ‘தேரை தோஷம்’ என்று இன்றும் பல ஊர்களில் சொல்கிறார்கள். மருத்துவம் இந்த நிலையை மராஸ்மஸ் என்கிறது. போதுமான உணவும் புரதமும் கிடைக்காமை, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, தீராத தொற்று, தாயின் சொந்த ஊட்டக்குறைவு: இவைதான் காரணங்கள். குழந்தையின் பசிக்குத் தேரையைக் குற்றவாளியாக்கும்போது என்ன நடக்கிறது? மந்திரிப்பதிலும் கயிறு கட்டுவதிலும் வாரங்கள் போகின்றன. எடை பார்த்து, சத்துணவு கொடுத்து, தொற்றுக்கு மருந்து கொடுத்திருக்க வேண்டிய வாரங்கள் அவை. ஒரு பிராணியின் மேல் உள்ள அருவருப்பு ஒரு குழந்தையின் சிகிச்சையைத் தள்ளிப் போடுகிறது. இந்தக் கட்டுரையில் வேறு எதை நீங்கள் ஏற்காவிட்டாலும் இதையாவது ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மெலிந்த குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

தென்னந்தோப்பிலும் இதே கதைதான். உள்ளே பருப்பு இல்லாத ஒல்லிக்காயைத் ‘தேரை மோந்த காய்’ என்பார்கள். சரியாக மகரந்தச் சேர்க்கை நடக்காதது, பொட்டாஷ், போரான் போன்ற சத்துக்கள் மண்ணில் குறைந்தது ஆகியவை ஒல்லிக்காய்க்குச் சொல்லப்படும் காரணங்கள். பாளை உயரத்துக்கு ஏறவே தெரியாத ஒரு பிராணி அந்தப் பழியைச் சுமக்கிறது. மண்ணைப் பரிசோதிக்க வேண்டிய விவசாயி பழியோடு நின்றுவிடுகிறார்.

6. ஆஸ்திரேலியாவைப் பாருங்கள், தேரை ஒரு நாட்டையே பாழாக்கிவிட்டதே என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1935இல் குயின்ஸ்லாந்தின் கரும்பு வயல்களில் வண்டுகளை ஒழிப்பதற்காக, ஹவாயிலிருந்து சுமார் நூறு கரும்புத் தேரைகளைக் கொண்டுவந்தார்கள். வண்டு ஒழியவில்லை. தேரைகள் பல்கிப் பரவி, அந்த நஞ்சுக்குப் பழக்கப்படாத உள்ளூர்ப் பிராணிகளைக் கொன்றன. நம் ஊர்த் தேரையே மடகாஸ்கரின் துறைமுக நகரான டோமாசினாவில் நுழைந்து பரவி வருவது 2014இல் வெளியுலகுக்குத் தெரிந்தது. அங்கே அதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் இது தேரையினத்தின் குணம் என்றால், உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் நிபுணர் குழு வெளியிட்ட பட்டியலை எடுத்துப் பாருங்கள். கரும்புத் தேரை அதில் இருக்கிறது. பறவைகள் மூன்று இருக்கின்றன: மைனா, செம்புழைக் கொண்டைக்குருவி, ஐரோப்பிய ஸ்டார்லிங். மூன்றும் பாடும் பறவைகள். முதல் இரண்டும் நம் வீட்டு முற்றத்தில் வந்து அமர்பவை. யாரும் அதற்காகப் பாடும் பறவை என்ற கூட்டத்தையே வெறுக்கச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. இடம் மாற்றிக் கொண்டுபோன மனிதனின் பிழை என்று பறவைக்குச் சொல்லும் அதே விளக்கத்தைத் தேரைக்கும் கொடுங்கள் என்கிறேன்.

7. ரசனை வெறும் ரசனையாக நின்றுவிடுவதில்லை, அது செயலாகிறது. உலகில் மதிப்பிடப்பட்ட நீர்நில வாழ்வன இனங்களில் ஏறக்குறைய 41 சதவீதம் அழிவின் அபாயத்தில் இருப்பதாக 2023இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு சொல்கிறது. பறவைகளில் அது எட்டில் ஒரு பங்கு அளவே. கைட்ரிட் என்ற பூஞ்சை நோயால் மட்டும் 501 இனங்கள் சரிந்தன. அவற்றில் 90 அழிந்திருக்கலாம் என்பது 2019இல் வெளியான கணக்கு. கோஸ்டாரிகாவின் மான்டேவெர்டே மலையில் வாழ்ந்த பொன்னிறத் தேரையை 1989க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. இத்தனை பெரிய சரிவு நடக்கும்போது நம் பொதுப் பேச்சில் தேரைக்கு ஒரு வரிகூட இல்லை. கத்துவதற்கு ஒரு பிராணி குறைந்தது என்று எடுத்துக்கொள்கிறோம் போலும்.

அவை குறைந்தால் மனிதருக்கு ஒன்றுமில்லை என்று எண்ணவும் வழியில்லை. கோஸ்டாரிகாவிலும் பனாமாவிலும் தவளையினங்கள் பூஞ்சையால் மடிந்த பகுதிகளில் அடுத்த சில ஆண்டுகளுக்கு மலேரியா கூடியதை 2022இல் ஓர் ஆய்வு காட்டியது. தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா 1987இல் தடை செய்ததற்குப் பின்னால் வயல்களில் பூச்சி பெருகும் என்ற கவலையும் இருந்தது. இருந்தாலும், பயன்படுகிறது என்பதற்காகத்தான் தேரையை விட்டுவைக்க வேண்டும் என்று நான் வாதாட மாட்டேன். குண்டுக்கரிச்சானிடம் யாரும் பயன் கேட்பதில்லை. அதனிடம் கேட்காத கணக்கைத் தேரையிடம் கேட்பது ஏன்?

நம் ரசனை அந்தப் பறவைக்காவது நன்மை செய்திருக்கிறதா? அதுவும் இல்லை. சிங்கப்பூரில் ஒரு காலத்தில் எங்கும் காணப்பட்ட குண்டுக்கரிச்சான் 1970களில் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. கூண்டுக்காகப் பிடித்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பிறகு மீண்டும் கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. ஜாவா தீவின் வீடுகளில் மட்டும் 6.6 கோடி முதல் 8.4 கோடி வரை பறவைகள் கூண்டில் இருக்கின்றன என்று 2020இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அங்கே பறவைகளைப் பாடவைத்துப் பரிசு கொடுக்கும் போட்டிகள் நடக்கின்றன. குண்டுக்கரிச்சானின் நெருங்கிய உறவான ஷாமா, இனிய குரலுக்காகவே பிடிக்கப்பட்டுப் பிடிக்கப்பட்டு, 2022இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டிய நிலைக்கு வந்தது. நம் நாட்டில் காட்டுப் பறவையைப் பிடித்து விற்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், ஆனாலும் நிற்கவில்லை.

தேரை தன் குரலால் உப்புக்கு ஆளானது. பறவை தன் குரலால் கம்பிக்குள் போனது. இரண்டு இடத்திலும் நாம் செய்த தவறு ஒன்றே: நமக்காக எழாத ஒரு குரலை நம் காதுக்கு வந்த பொருளாக எடுத்துக்கொண்டு, பிடித்தால் எடுத்து வைத்துக்கொள்வது, பிடிக்காவிட்டால் அடக்கிவிடுவது.

இந்த ஆண்டு ஐப்பசி பிறக்கும் முன் எங்கள் குடியிருப்போர் கூட்டத்தில் ஒரு மனு கொடுக்கப்போகிறேன். பள்ளத்தை மூட வேண்டாம். உப்போ பிளீச்சிங் பவுடரோ கொட்ட வேண்டாம். தேரைகள் உரக்கக் குரல் கொடுப்பது பெருமழையை ஒட்டிய சில இரவுகள். அந்த இரவுகளில் பின்பக்கச் சன்னல்களைச் சாத்திக்கொள்ளலாம். முட்டை பொரித்து, தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்து, கட்டை விரல் நகத்தளவுக் குட்டித் தேரையாகக் கரையேற ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை தண்ணீரை இறைக்க வேண்டாம். டெங்கு பயம் நியாயமானது. டெங்குக் கொசு பெரும்பாலும் முட்டையிடுவது மூடாத தொட்டி, பழைய டயர், பூந்தொட்டியின் அடித்தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு போன்ற இடங்களில். அவற்றை வாரம் ஒரு முறை வீடுவீடாகப் பார்த்துக் கவிழ்க்கும் வேலையை நானும் சேர்ந்து செய்கிறேன். மொட்டை மாடியில் பறவைகளுக்கு வைத்திருக்கும் தண்ணீர்க் கிண்ணங்களையும் அந்தச் சுற்றில் சேர்த்துக்கொள்வோம். கரையில் உப்புப் படிந்த இடத்தில் இன்னும் புல் முளைக்கவில்லை. அந்த மண்ணை வெட்டியெடுத்து வேறு மண் போடும் செலவு என்னுடையது என்று மனுவின் கடைசி வரியில் எழுதியிருக்கிறேன்.